மூட்டைக்குள் அடங்கும் போர்வை



பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் வீடுகளுக்கு ஒரு கடிதம் வரும். சாரணர் முகாமாக இருக்கலாம். கேமரன் மலைக்குச் சுற்றுலாவாக இருக்கலாம். பிள்ளைகள் கொண்டுவர வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கும். தட்டு, குவளை, டார்ச்லைட், மாற்றுடை, அவற்றோடு போர்வை ஒன்று. மற்றவற்றை எடுத்து வைப்பதில் சிரமம் இல்லை. போர்வையில்தான் வீட்டில் பேச்சு வளரும். கட்டிலில் கிடக்கும் கனத்த போர்வையை மடித்து வைத்தால் பை முழுவதும் அதுவே ஆகிவிடுகிறது. மெல்லிய பருத்திப் போர்வையை வைத்தால், "மலையில் குளிருமே, பிள்ளை என்ன செய்யும்?" என்று பாட்டி கேட்கிறார். கடைக்குப் போனாலோ, கைக்குட்டை அளவு பொட்டலத்தில் மின்னும் தாளைப் போன்ற ஒன்றைக் காட்டி, இதுவும் போர்வைதான் என்கிறார்கள்.

எது இலேசானது, எது கதகதப்பானது, எது மூட்டைக்குள் அடங்கும் என்ற இந்தக் கேள்வி புதியதன்று. கால்நடையாகவும் கப்பலிலும் ஊர்விட்டு ஊர் சென்ற மக்கள் யாவரும் கேட்ட கேள்வி அது. நம் முன்னோரும் கேட்டார்கள். இன்று அந்த வரலாற்றைப் பார்ப்போம். பார்த்த பிறகு, பிள்ளையின் பையில் எதை வைப்பது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். போர்வைக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. அது அடுப்பன்று. சூடு நம் உடம்பினுடையது; அது ஓடிவிடாமல் பிடித்து வைப்பதே போர்வையின் வேலை. எதைக் கொண்டு பிடித்து வைக்கிறது? இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களுள் ஒருவர் பெஞ்சமின் தாம்ப்சன். பின்னாளில் ரம்ஃபோர்டு பிரபு என்று பெயர் பெற்றவர். அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியின் பவேரிய நாட்டுப் படையைச் சீர்திருத்தும் பொறுப்பை ஏற்றிருந்தார். படைவீரனுக்கு எந்தத் துணி நல்லது என்று அறிய வேண்டியிருந்தது அவருக்கு. வெப்பமானி ஒன்றைக் கண்ணாடிக் குமிழுக்குள் பொருத்தி, இடையில் இருந்த வெற்றிடத்தில் பட்டு, கம்பளி, பஞ்சு, முயல்மயிர், வாத்தின் மென்தூவி என்று ஒவ்வொன்றாக நிரப்பினார். கொதிநீரில் சூடேற்றிப் பிறகு பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, எது மெதுவாக ஆறுகிறது என்று நேரம் குறித்தார். 1792-ஆம் ஆண்டில் அந்த முடிவுகள் வெளியாயின.

அவற்றுள் நமக்கு வேண்டியது ஒன்றுதான். பட்டை ஒரே எடையில் எடுத்துக்கொண்டு, ஒரு முறை முறுக்கிய நூலாகவும் மறு முறை முறுக்காத மெல்லிழையாகவும் வைத்துப் பார்த்தார். பொருளும் ஒன்று, எடையும் ஒன்று. ஆயினும் முறுக்கிய நூல் விரைவில் ஆறிப்போயிற்று. மெல்லிழையோ நெடுநேரம் சூட்டைக் காத்தது. காரணம், மெல்லிழைகளுக்கு இடையில் சிக்கி அசையாமல் நின்ற காற்று. அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. விடியற்காலைக் குளிரில் கோழி தன் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ரம்ஃபோர்டு பிரபு கண்டறிந்ததை அந்தக் கோழி எப்போதோ அறிந்து வைத்திருக்கிறது.

எனவே, போர்வையை எடையால் மட்டும் மதிப்பிடக் கூடாது. எவ்வளவு காற்றைப் பிடித்து வைக்கிறது என்பதே கேள்வி. இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: நனைந்தால் என்ன ஆகும்? நீர், காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் போர்வை நம் சூட்டைத் திருடும் பொருளாகிவிடுகிறது. மழை நாட்டில் வாழும் நாம் இந்த இரண்டாவது கேள்வியை மறக்கவே கூடாது.

இனித் தமிழர் வீட்டுக் கம்பளிக்கு வருவோம். தமிழகத்தின் வடமேற்குப் பகுதியிலும் அதை அடுத்த கன்னட, தெலுங்கு நாடுகளிலும் ஆடு மேய்க்கும் குறும்பர் மக்கள், தம் ஆடுகளின் மயிரைக் கத்தரித்து, நூற்று, தறியில் நெய்தார்கள். கறுப்பும் பழுப்புமாக, தொட்டால் முரடாக இருக்கும். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைப் பூசி நூலை விறைப்பாக்குவார்கள். மேய்ச்சல் நிலத்தில் மாதக்கணக்கில் திரிகிறவனுக்கு அந்த ஒரு கம்பளியே வீடு. இரவில் விரிப்பு; குளிரில் போர்வை; மழை வந்தால் ஒரு முனையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வான். அப்படிப் போட்டுக்கொள்வதைக் கொங்காணி என்பார்கள். நம் பெரியவர்கள் மழைக்காலத்தில் கோணிச் சாக்கை அதே முறையில் தலையில் போட்டுக்கொண்டு போனதைக் கண்டவர்கள் பலர் இருப்பார்கள்.

ஆட்டு மயிருக்கு ஓர் இயல்பு உண்டு. அந்த இழை நேராக இராது. சுருள் சுருளாக இருக்கும். ஆகையால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படியாமல் இடைவெளி விட்டே நிற்கும். காற்று தங்க அது வசதி. மேலும், தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அதன் பிறகுதான் தொடுகிறவன் கைக்கு ஈரம் தெரியும். நனைந்த கம்பளியில் ஓரளவு கதகதப்பு இருக்கும். நனைந்த பருத்தியில் ஒன்றும் இராது. முரட்டுக் கம்பளியை நம்மவர் விடாமல் வைத்திருந்ததற்கு இதுவே காரணம். குறை ஒன்று உண்டு: கனம். நனைந்தால் அதைவிடக் கனம்.

இலங்கையின் மலைத் தோட்டங்களுக்குக் காப்பி பயிரிடவும், பிறகு தேயிலை கிள்ளவும் சென்ற தமிழர்களோடு இந்தக் கம்பளியும் சென்றது. அங்கே குளிரும் மழையும் அதிகம். கம்பளி இல்லாமல் மலையில் வேலை செய்ய முடியாது என்று தோட்ட முதலாளிகளுக்கும் தெரிந்திருந்தது. அதனால் தோட்டமே கம்பளியைத் தருவித்துத் தொழிலாளிக்குக் கொடுத்தது. கொடுத்தது என்றால் இலவசமாக அன்று. அரிசிக்கு எழுதியதைப் போலவே கம்பளிக்கும் அவன் பேரில் பற்று எழுதப்பட்டது. ஊரிலிருந்து வந்த வழிச்செலவு, கங்காணியிடம் வாங்கிய முன்பணம், இவற்றின் மேல் கம்பளி விலையும் ஏறிற்று. வெள்ளைக்காரத் துரைமார் கம்பளி என்ற சொல்லையே தங்கள் ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு கணக்கேடுகளிலும் நூல்களிலும் எழுதினார்கள். குளிருக்குப் போர்த்திய துணி கடனாகவும் தோளில் கனத்தது என்பதை வரலாறு படிக்கிற நாம் மறந்துவிடலாகாது.

மலாயாவின் நிலை சற்று வேறு. ரப்பர்த் தோட்டங்கள் தாழ்ந்த நிலத்தில் இருந்தன. இரவிலும் வெப்பம் 22, 23 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது. ஊரில் பனிக்காலத்தைக் கண்டவர்களுக்கு இது ஒரு குளிரா என்று தோன்றும். ஆனால், வேலை தொடங்கும் நேரம் எது? பால்மரம் விடியற்காலையில்தான் நன்றாகச் சுரக்கும். ஆகவே இருட்டிலேயே எழுந்து பிரட்டுக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை எழுப்பாமல் போர்வையோடு சுற்றித் தூக்கிக்கொண்டு, பனி ஈரம் சொட்டும் மரங்களுக்கு ஊடே ஆயாக்கொட்டகைக்கு நடந்த தாய்மார்கள் எத்தனை ஆயிரம் பேர்! தோட்டத்துப் பிள்ளை செய்த முதல் பயணம் அதுதான். அதன் முதல் பயணப் போர்வையும் அதுதான்.

அந்தத் தாய்மார்களும் தந்தைமார்களும் கடல் கடந்து வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1907-ஆம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. அதன் பிறகு, கங்காணிகள் ஆள் திரட்டிக் கொண்டுவர, கப்பற்செலவை அந்த நிதி ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கிருந்து கப்பலேறிப் பினாங்குக்கோ, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்துக்கோ வந்து இறங்குவார்கள். இறங்கியதும் நேரே தோட்டத்துக்குப் போக முடியாது. பினாங்குக்கு வந்தவர்களை ஜெரஜாக் தீவில் தடுப்பு முகாமில் வைத்துத்தான் அனுப்பினார்கள். இந்தியாவிலிருந்து உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றம் 1938-இல் நின்றது.

கப்பலில் ஏழைக்குக் கிடைத்த இடம் மேல்தட்டு. கட்டில் கிடையாது, மெத்தை கிடையாது. பாய், தலையணை, போர்வை எல்லாம் அவரவர் பாடு. 1926-இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடிய ராஜுலா கப்பலைப் பற்றித் தெரியாத தமிழ்க் குடும்பம் அக்காலத்தில் மலாயாவில் இல்லை எனலாம். அதன் தட்டில் ஆயிரக்கணக்கானோர் பாயை விரித்து, ஏறக்குறைய ஒரு வாரம் கடலில் கழித்தார்கள். பகலில் வெயில், இரவில் உப்புக்காற்று. இரும்பும் பலகையுமான தட்டு இரவில் குளிர்ந்துவிடும். அங்கே போர்வையைப் பலரும் மேலே போர்த்தவில்லை. மடித்துக் கீழே போட்டுக்கொண்டார்கள். இறங்கும்போது அதே போர்வையில் பாத்திரங்களையும் துணிகளையும் வைத்து நான்கு முனையையும் முடிந்தால் மூட்டை தயார். பயணத்துக்கென்று தனியாகப் போர்வை வாங்கத் தெரியாதவர்கள் அவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒன்றே பலவாகப் பயன்பட வேண்டும் என்பதுதான் அவர்கள் போட்ட கணக்கு. நல்ல கணக்கும் கூட.

போர்வையைக் கீழே போடுவதைப் பற்றிச் சொன்னோம். படித்த மேல்நாட்டுப் பயணிகளுக்கு இதை நூல் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவில் சுற்றித் திரிந்த பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர், 1855-இல் பயணக் கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முதன்முதலாகப் பயணம் போகிறவர்கள் மேலே போர்த்துவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், மனிதனுக்குக் கீழ்ப்பக்கமும் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள் என்னும் கருத்தை அதில் எழுதியிருக்கிறார். உடம்பின் பாரம் அழுத்தும் இடத்தில் போர்வையின் காற்று வெளியேறிவிடுகிறது. ஈர மண்ணோ சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. எத்தனை போர்த்தினாலும் முதுகு குளிரும்.

1876-ஆம் ஆண்டில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த நியூட்டவுன் நகரத்தில் பிரைஸ் ஜோன்ஸ் என்ற வணிகர் ஒரு புதுமையைச் செய்தார். வேல்ஸ் கம்பளித் துணியையே மடித்து, இணைத்து, ஆள் உள்ளே நுழைந்து படுக்கும் உறை போல ஆக்கினார்; தலைக்குக் காற்றுத் தலையணையும் வைத்தார். யூக்ளிசியா விரிப்பு என்பது அதன் பெயர். இன்று கடைகளில் விற்கும் உறங்கு பைக்கு முன்னோடி அது. அஞ்சல் வழி வணிகத்தில் பெயர் பெற்ற அந்த மனிதருக்கு ரஷ்யப் படையே 60,000 விரிப்புகளுக்கு ஆணை கொடுத்தது. பணம் இல்லாத சாரணச் சிறுவர்கள் பிற்காலத்தில் அதே பயனை மலிவாக அடைந்தார்கள். சாதாரணக் கம்பளியை மடித்துப் பெரிய ஊக்குகளால் ஓரத்தைக் குத்திக்கொண்டால் உறை தயாராகிவிடும். இன்றும் செய்யலாம், செலவு சில ஊக்குகள்தான்.

கீழே விரிக்க நீர் புகாத துணி வேண்டும் என்ற தேவை ரப்பரிடம் கொண்டுபோய் விட்டது. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1844-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு வெயிலில் ஒட்டாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்கும் ரப்பர்த் துணி செய்வது எளிதாயிற்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வீரர்கள் ரப்பர் பூசிய விரிப்பைக் கீழே போட்டு, மேலே கம்பளியைப் போர்த்தினார்கள். நடக்கும்போது இரண்டையும் சேர்த்துச் சுருட்டி, தோளின் குறுக்கே மாலைபோல் போட்டு முனைகளைக் கட்டிக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கும் ரப்பர் பூசிய தரைவிரிப்பு உண்டு. அதற்குள் மலாயா உலகுக்கு ரப்பர் கொடுக்கும் நாடாகிவிட்டது. இங்கே மலாக்காவில் டான் சாய் யான் வாணிக முறையில் ரப்பர் நட்டது 1896-இல். வெட்டி எடுத்த பால் பெரும்பாலும் சக்கரங்களுக்குப் போனது. ஒரு பங்கு விரிப்புகளுக்கும் மழைக்கோட்டுகளுக்கும் போனது. வெட்டியவர்கள் மழைக்குத் தலையில் போட்டதோ கோணிச் சாக்கு.

அந்தச் சாக்கின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஜப்பானியர் மலாயாவை ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் துணிக்குக் கடும் பஞ்சம் வந்தது. வெளியிலிருந்து துணி வரவில்லை. இருந்தது கிழிந்து போயிற்று. அரிசிச் சாக்கைப் பிரித்து உடுத்தினார்கள், போர்த்தினார்கள். அதே காலத்தில் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் ரயில் பாதை போடப்பட்டது. 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களோடு ஆசிய நாட்டுத் தொழிலாளர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். அந்த ஆசியர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல பத்தாயிரம் பேர். கூலி, உணவு என்று ஆசை காட்டப்பட்டுச் சென்றவர்கள் உண்டு. பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு.

தாழ்நிலத் தோட்டத்தில் ஒரு வேட்டியும் துண்டும் போதும் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். போய்ச் சேர்ந்ததோ மலைக்காடு. 1943 மே மாதம் பருவமழை பிடித்துக்கொண்டது. மூங்கில் கொட்டகை, ஒழுகும் ஓலைக் கூரை, படுக்கை மூங்கில் பிளாச்சு. போர்த்திக்கொள்ளக் கிடைத்தது சாக்கு. சணலின் இயல்பைப் பாருங்கள். இழை முரடு, நெசவில் கண் பெரிது, காற்று அதில் தங்காது, வீசும் காற்று தடையின்றிப் புகும். நனைந்தால் நீரைக் குடித்துக் கனத்துவிடும். அந்த மழையில் காயவும் காயாது. ஏற்கெனவே பட்டினியும் மலேரியாவும். அதன் மேல் காலரா. குளிர் காய்ச்சலில் நடுங்குகிறவனுக்கு உலர்ந்த போர்வை ஒன்று என்ன மதிப்பு என்பதை அங்கிருந்து மீண்டு வந்தவர்கள் அறிவார்கள். போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டங்கள் அமைந்தன, பெயர்கள் பொறிக்கப்பட்டன. நம்மவரில் பெரும்பாலோர்க்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

போர்வை இருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. காலராவைப் போர்வை தடுக்காது. ஆனால் நனைந்து, குளிர்ந்து, உண்ணாமல் கிடக்கும் உடம்பு நோயோடு போராட முடியாது என்பது மருத்துவர் யாரும் மறுக்காத உண்மை.

போர் முடிந்த பிறகு போர்வையின் வரலாறு வேறு பாதையில் திரும்பியது. ஆட்டையும் பருத்திச் செடியையும் விட்டு வேதியியல் கூடத்துக்குப் போயிற்று. நைலான் 1938-இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. பாலியெஸ்டர் இழையை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டனர். இவ்விரண்டும் நீரை அதிகம் குடிப்பதில்லை. மெல்லியனவாக நெய்தாலும் எளிதில் கிழிவதில்லை. பயணப் போர்வைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1960களில் வியட்நாம் காடுகளில் இருந்த அமெரிக்க வீரர்களுக்கு ஒரு போர்வை கொடுக்கப்பட்டது. மேலும் கீழும் மெல்லிய நைலான். நடுவில் பாலியெஸ்டர்ப் பஞ்சு. பஞ்சு ஒதுங்காமல் இருக்க இடையிடையே தையல். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதற்கு முன் படைகளில் வழங்கிய கம்பளி இரண்டு கிலோ அளவில் இருந்தது என்பதை நினைத்தால் வேறுபாடு புரியும். நனைந்தாலும் பிழிந்து உதறிப் போர்த்தலாம். நம் நாட்டைப் போன்ற மழைக்காட்டில் பிறந்த தேவைக்கு ஏற்ற போர்வை அது. இன்று முகாம் பொருள் கடைகளில் விற்கும் இலேசான போர்வைகளில் பல அதே அமைப்பில் செய்யப்படுகின்றன.

கைக்குட்டை அளவில் மடியும் மின்னும் போர்வை அமெரிக்க விண்வெளி ஆய்வின் பிள்ளை. 1964-இல் அது உருவாயிற்று. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினியப் பூச்சு, அவ்வளவுதான். உடம்பிலிருந்து கதிராக வெளிப்படும் சூட்டை அது திருப்பி அனுப்பும். காற்றையும் மழையையும் தடுக்கும். ஆனால் காற்றைப் பிடித்து வைக்கும் பஞ்சு அதில் இல்லை. வியர்வை வெளியேற வழியும் இல்லை. விடியும்போது உட்புறம் நீர்த்துளியாகப் பூத்திருக்கும். விபத்துக்கும் ஆபத்துக்கும் பையின் ஓரத்தில் ஒன்று கிடக்கட்டும். அதை நம்பி ஒரு பிள்ளையை மலைக்கு அனுப்புவது சரியன்று.

அடுத்தது பிளீஸ். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை, பாலியெஸ்டர்த் துணியின் மேற்பரப்பைச் சீவிப் பஞ்சுபோல் எழுப்பிக் கம்பளி போன்ற துணியைச் செய்தது. ஆட்டு மயிரின் சுருள் செய்த வேலையை எந்திரத்தின் பற்கள் செய்தன. 1990களில் பழைய பிளாஸ்டிக் புட்டிகளை உருக்கியும் பிளீஸ் நெய்யத் தொடங்கினார்கள். மென்மை, விலை மலிவு, விரைவில் உலர்தல் எல்லாம் உண்டு. குறை இரண்டு. காற்று வீசினால் ஊடுருவும். எவ்வளவு அமுக்கினாலும் மிகச் சிறியதாக மடியாது. நெருப்புப் பொறி பட்டால் உருகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவோம். முகாம் தீயின் அருகில் பிளீஸையோ நைலானையோ போர்த்திக்கொண்டு உட்காரக் கூடாது. இந்த ஓர் இடத்தில் பழைய கம்பளியே மேல். அது எளிதில் தீப்பற்றாது.

மிக இலேசானது எதுவென்று கேட்டால், வாத்தின் மென்தூவி அடைத்த போர்வை. ரம்ஃபோர்டு பிரபுவின் சோதனையில் முயல்மயிரோடு முன்னணியில் நின்றது அதுதான். அமுக்கினால் தேங்காய் அளவுக்குச் சுருங்கும். விட்டால் பொங்கி எழும். ஆனால் விலை மிக அதிகம். நனைந்தாலோ தூவிகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும். பனி நாட்டு மலைக்கு அது ஏற்றது. நம் நாட்டு ஈரக் காட்டில் பள்ளிப் பிள்ளையின் கையில் அதைக் கொடுப்பது, உள்ளபடியே சொன்னால், பணத்தை மழையில் வைப்பதாகும்.

சரி, நம் பிள்ளை எங்கே போகிறது? அதைக் கேட்டுவிட்டே போர்வையை எடுக்க வேண்டும். நூறு மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கெடாவின் ஜெராய் மலை 1,217 மீட்டர். அடிவாரத்தைவிட உச்சியில் ஏழு பாகை குறைவு. கேமரன் மலையில் தானா ராத்தா 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் 15 பாகை அளவுக்கு இறங்கும். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது அங்கே வேலைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களுக்குக் கம்பளி மீண்டும் தேவைப்பட்டதில் வியப்பில்லை. சபாவின் கினபாலு மலையில் ஏறுகிறவர்கள் இரவு தங்கும் பனாலாபான் 3,272 மீட்டர் உயரம். அங்கே போவது வேறு கதை. கனத்த உடைகளும் நல்ல உறங்கு பையும் வேண்டும், போர்வை பற்றாது.

கடற்கரை முகாம், பள்ளித் திடல், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் ஓர் இரவு என்றால் மெல்லிய பருத்திப் போர்வையோ கைலியோ போதும். கீழே விரிக்கத்தான் நல்ல பாயும், அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும். கேமரன் மலைக்கென்றால், நைலான் துணியில் பாலியெஸ்டர்ப் பஞ்சு தைத்த போர்வை ஒன்றும், நீண்ட கைச்சட்டையும் காலுறையும் கொடுத்தனுப்பலாம். பஞ்சுப் போர்வை வாங்க வசதி இல்லையென்றால் பிளீஸ் போர்வை ஒன்றும் அதன் மேல் மெல்லிய பருத்திப் போர்வை ஒன்றும் போதும். மேலே கிடக்கும் துணி வீசும் காற்றைத் தடுக்கும். இடையில் காற்று தங்கும். கனத்த ஒரு போர்வையைவிட மெல்லிய இரண்டு நல்லவை என்று பழைய மக்கள் சொல்வதில் இந்த அறிவியல் அடங்கியிருக்கிறது. தேவைப்பட்டால் ஒன்றைக் கீழேயும் போடலாம்.

கடையில் வாங்கும்போது விளம்பரத்தைப் படிப்பதோடு நிறுத்தாமல் கையால் சோதித்துப் பாருங்கள். ஓர் ஓரத்தைக் கைக்குள் இறுக அமுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். உடனே பழைய பருமனுக்கு எழுந்தால் நல்ல பஞ்சு. நசுங்கியபடியே கிடந்தால் சில முறை மடித்ததும் தட்டையாகிவிடும். துணியை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மறுபுறம் மூச்சு தாராளமாக வந்தால் மலைக்காற்றும் அப்படியே வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பஞ்சு ஒதுங்கிய வெற்றிடங்கள் தெரியும். அந்த இடங்களில்தான் குளிர் புகும். பிளீஸ் துணியில் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதியிருப்பார்கள். 200 கிராம் என்பது நடுத்தரம். நீளத்தையும் மறக்காமல் பிள்ளையின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். கழுத்திலிருந்து பாதம் வரை மூடி, பாதத்தின் அடியில் மடிக்க ஒரு சாண் மிச்சம் இருக்க வேண்டும். கால் வெளியே நீண்டால் மற்றதெல்லாம் வீண்.

பையில் வைக்கும்போது முதலில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்டுங்கள். பை நனைந்தாலும் போர்வை நனையாது. பிள்ளைக்கும் இதைக் கட்டிக் காட்டிப் பழக்கிவிடுங்கள். திரும்பி வரும்போது கட்டப்போவது அதுதான். ஆனால் வீட்டில் அந்தக் கட்டிலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. பஞ்சு நசுங்கியே பழகிவிடும். முகாமிலிருந்து வந்த அன்றே பிரித்து, உதறி, நிழலில் கொடியில் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு தளர்வாக மடித்து அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். நம் நாட்டு ஈரத்தில் இரண்டு நாள் தாமதித்தாலும் பூசணம் பிடித்துவிடும்.